அவன் யாரை இறக்குகிறான் பார்: சுங்கை சிப்புட்டில் ஒரு காற்பந்துக் கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் எங்கள் விளையாட்டு மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். கணக்கு வாசித்து முடித்த கையோடு செயலாளர் மைக்கைப் பிடித்து, "ரெப்ரி ஐயா வந்திருக்கிறார், காற்பந்து பற்றி எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று அறிவித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. முப்பது வருடம் தோட்டத் திடல்களில் விசில் ஊதியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வந்த சீட்டுகளில் பாதி ஒரே இடத்தைத்தான் சுற்றின: நம்ம மலேசிய அணி ஹரிமாவ் மலாயாவை வெளியே எவனாவது மதிக்கிறானா? அன்று பேசியதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

செம்பனை லோரி ஓட்டும் தம்பி: ஐயா, சின்ன டீம் ஒருநாள் பெரிய டீமைக் கவிழ்த்துவிட்டால் உலகம் மதிக்குமா, அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுமா?

மறுநாள் பேப்பரில் வருகிற தலைப்பை வைத்து அளக்காதே தம்பி. அடுத்த தடவை அதே பெரிய டீம் உன்னோடு ஆட வரும்போது யாரை இறக்குகிறான் என்று பார். ரெண்டாம் வரிசை ஆட்களை அனுப்பினால் நீ இன்னும் அவனுக்குப் பயிற்சி ஆட்டம்தான்.

2022 கத்தார் உலகக் கிண்ணத்தை எடுத்துக்கொள். சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்தது. சவூதியில் மறுநாள் பொது விடுமுறையே விட்டார்கள். ஆனால் அடுத்த ரெண்டு ஆட்டத்திலும் தோற்று, குழுவில் கடைசி இடம். அர்ஜென்டினா கிண்ணத்தோடு ஊர் திரும்பியது. அதே போட்டியில் ஜப்பான் ஜெர்மனியை 2-1, ஸ்பெயினை 2-1 என்று வென்றது. அதையும் அதிர்ஷ்டம் என்றுதான் பலர் சொன்னார்கள். அடுத்த வருடம் செப்டம்பரில் ஜப்பான் ஜெர்மனிக்கே போய், அவன் திடலில் 4-1 என்று அடித்தது. மறுநாள் ஜெர்மனிப் பயிற்றுநர் ஹன்சி ஃபிளிக்கின் வேலை போனது. முதல் தோல்விக்குத் தோளைக் குலுக்கியவன் ரெண்டாவது தோல்விக்கு ஆளையே மாற்றினான். நான் மரியாதை என்று சொல்வது இதைத்தான்.

தாதியர் வேலை பார்க்கும் ஒரு தங்கை: கொரியாவோடு 3-3 என்று சமன் செய்தோமே, அதை எதில் சேர்ப்பது?

இதற்காகத்தான் காத்திருந்தேன். 2024 ஜனவரி 25, தைப்பூச நாள். நம்ம ஊர்க்காரர் பாதிப்பேர் ஈப்போ கல்லுமலையில். நானும் காவடிக்காரர்களுக்குப் பின்னால் நடந்து, சாயங்காலம் கால் வலியோடு ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டேன். ஏழரைக்கு ஆட்டம். ஒரு பையன் மோர் வாளியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தான்.

நிலவரம் என்னவென்றால், ஜோர்டானிடம் 4-0, பஹ்ரைனிடம் கடைசி நேரத்தில் 1-0 என்று தோற்று, நாம் ஆசியக் கிண்ணத்தை விட்டு ஏற்கெனவே வெளியேறியாகிவிட்டது. உலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தர வரிசையில் நாம் 130, கொரியா 23. முதல் பாதி முடியும்போது 1-0 என்று பின்தங்கி இருந்தோம். பிறகு ஃபைசால் ஹாலிம் ஒரு கோல், அரிஃப் அய்மான் பெனால்டியில் ஒன்று, நாம் 2-1. பந்தலில் இருந்த பாட்டி ஒருவர் வேல் வேல் என்றார், எதற்கென்று அவருக்கே தெரியாது. லீ காங் இன் உதைத்த ஃப்ரீ கிக்கில் 2-2, காயநேரத்தில் சன் ஹியூங் மின் பெனால்டியில் 3-2. சரி, முடிந்தது கதை என்று ஆட்கள் வாளியைக் கழுவப் போனார்கள். 105வது நிமிடத்தில் ரொமெல் மொராலெஸ் உதைத்தார். 3-3.

இப்போது என் அளவுகோலை வைத்துப் பார். வெளியேறிவிட்ட ஒரு டீமுக்கு எதிராகக் கொரியா சன்னை இறக்கியது, லீயை இறக்கியது. அதுவே பாதி மரியாதை. அன்று நம் பயிற்றுநராக இருந்த கிம் பான் கோனும் ஒரு கொரியர்தான் என்பது வேடிக்கை. ஆனால் ஒன்று: அதே போட்டியில் நம்மை 4-0 என்று அடித்த ஜோர்டான் அரையிறுதியில் அதே கொரியாவை 2-0 என்று வெளியேற்றி, இறுதியாட்டம் வரை போனது. அடுத்த வருடம் 2026 உலகக் கிண்ணத்துக்கும் தகுதி பெற்றது. நாம் ஒரு ராத்திரியைப் பேசுகிறோம், அவன் ரெண்டு வருடத்தைப் பேசுகிறான்.

படிவம் நான்கு மாணவன்: தர வரிசை 130 என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் ஐயா? கணக்கு சார் கேட்டால் சொல்லணும்.

2018லிருந்து கணக்குப் போடும் முறை மாறியது. ஆட்டத்துக்கு முன்பே ரெண்டு டீமின் புள்ளி வித்தியாசத்தை வைத்து, யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண் போடுவார்கள். எதிரணி உன்னைவிட 400 புள்ளி அதிகம் என்று வைத்துக்கொள். உன் எண் சுமார் 0.18. வென்றால் 1, சமன் என்றால் 0.5, தோற்றால் 0. உண்மையில் கிடைத்ததில் எதிர்பார்த்ததைக் கழித்து, ஆட்டத்தின் எடையால் பெருக்கு. ஆசியக் கிண்ணக் குழு ஆட்டத்தின் எடை 35. சமன் செய்தால் 0.5 கழித்தல் 0.18, பெருக்கல் 35: கிட்டத்தட்ட 11 புள்ளி ஏறும். அதே சமன் ஒரு நட்பு ஆட்டத்தில் நடந்தால் எடை 10தான், மூன்று புள்ளி தேறும். அதனால்தான் ஊருக்கு அழைத்து வந்து ஆடுகிற நட்பு ஆட்டங்களில் வென்று குதிப்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. சாரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, அவர் 0.177 என்பார்.

ஓய்வுபெற்ற கிராணி வீட்டம்மா: எங்க வீட்டுக்காரர் இன்னும் 1980ஐயே பேசிக்கிட்டு இருக்கார். அப்போ என்னதான் நடந்தது?

அவரைக் கோவிக்காதீர்கள் அம்மா, நானும் அந்தக் கோஷ்டிதான். 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்று, எதிரே தென் கொரியா. தோட்டத்து மனமகிழ் மன்றத்தில் இருந்த ஒரே டிவிக்கு முன்னால் லயத்துச் சனம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள், அத்தனை பேரும் இருந்தார்கள். கோலில் ஆர். ஆறுமுகம். கை அவ்வளவு நீளம், 'ஸ்பைடர்மேன்' என்றே பெயர். தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். 1-1 என்று இழுத்துக்கொண்டே போய், ஆட்டம் முடியும் தறுவாயில் சபாக்காரர் ஹசான் சானி பந்தைக் கொடுக்க, இன்னொரு சபாக்காரர் ஜேம்ஸ் வோங் அடித்தார். 2-1. நாம் மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றோம்.

போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் புறக்கணித்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நம் இடத்தில் ஈராக் போனது. நாம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் வீட்டுக்காரர் கணக்குப் போடுவாரே, அதற்கு ஒரு முன்கணக்கு இருக்கிறது: 1972 மியூனிக்கில் நாம் ஆடினோம். மேற்கு ஜெர்மனியிடம் 3-0, மொராக்கோவிடம் 6-0 என்று தோற்றோம், அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். கேவலமில்லை, பிரமாதமும் இல்லை. ஆடாத ஆட்டத்தில் மட்டும்தான் எல்லாரும் வெல்கிறோம் அம்மா.

அந்தக் காலத்தில் கொரியாவும் ஜப்பானும் கோலாலம்பூருக்கு வரும்போது பயத்தோடு வந்தார்கள் என்பது மட்டும் உண்மை. ஆறுமுகம் 1988ல் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். அன்று எங்கள் லயத்தில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மாமாக் கடையில் எப்போதும் என்னோடு வாதாடும் அண்ணன்: கிண்ணம் ஜெயிக்காமலே மரியாதை வாங்கிய டீம் உண்டா?

வட கொரியா, அண்ணே. 1966 உலகக் கிண்ணத்தில், இங்கிலாந்தில் மிடில்ஸ்ப்ரோ என்ற தொழிற்சாலை ஊரில் ஆடி, இத்தாலியை 1-0 என்று வெளியே தள்ளியது. அடித்தவர் பாக் டூ இக். அடுத்து போர்த்துகலுக்கு எதிராக 3-0 என்று முன்னிலை. யூசேபியோ நாலு கோல் போட, 5-3 என்று தோற்றது. மிடில்ஸ்ப்ரோ ஊர்க்காரர்கள் அந்த ஆட்டத்துக்கு லிவர்பூல் வரை போய் அவர்களுக்காகக் கத்தினார்கள். 2002ல், உயிரோடு இருந்த ஆட்டக்காரர்களைத் திரும்ப அழைத்து வரவேற்றார்கள். முப்பத்தாறு வருடம் கழித்து! ஜெயித்தும் மறக்கப்பட்ட டீம்களை நீங்களே சொல்லுங்கள், தே தாரிக் நான் வாங்கித் தருகிறேன்.

பெயர் போடாத சீட்டு: கள்ள பத்திரம் வைத்து ஆடிய நாட்டுக்கு மரியாதை ஒரு கேடா?

கோபமாக எழுதியிருக்கிறார், நியாயமான கோபம். 2025 ஜூன் 10, புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று அடித்தோம். நானும் கை தட்டினேன், மறைக்கவில்லை. செப்டம்பரில் ஃபிஃபா தண்டித்தது, அக்டோபரில் காரணத்தை விரிவாகச் சொன்னது: ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் திருத்தப்பட்டவை, உண்மையான பதிவுகளில் இருப்பது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நவம்பரில் மேல்முறையீட்டையும் ஃபிஃபா தள்ளியது.

வெளியூரில் பிறந்தவன் ஆடுவது குற்றமில்லை. 2022 உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரை போன மொராக்கோவின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களுடைய பாட்டிகள் நிஜமாகவே மொராக்கோக்காரிகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மரியாதையைத் திடலுக்கு வெளியே தொலைப்பது நமக்குப் புதிதில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1993ல் தர வரிசையில் 75வது இடத்தில் இருந்தோம், அதுதான் நம் உச்சம். அடுத்த ரெண்டு வருடத்தில் ஆட்டத்தை விற்ற ஊழல் வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை விசாரித்தார்கள். அந்த வலி ஆறவே இல்லை. 2015ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸிடம் 10-0. 2018ல் 178வது இடம். அங்கிருந்து ஏறி வந்து கொரியாவை 3-3 என்று நிறுத்திய பையன்களின் உழைப்பின் மேலும் இப்போது சந்தேகம் படிகிறது. கள்ளக் கையெழுத்து போட்டவன் எவனோ, தலை குனிகிறவன் ஃபைசால் ஹாலிம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: அன்று ஆறுமுகம், சந்திரன், ராஜகோபால். இன்று தேசிய அணியில் நம் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு?

இதற்கு ஒருநாள் தனியாக வேண்டும் டீச்சர். சுருக்கமாகச் சொன்னால், திடல் போய்விட்டது. லயத்துக்கு எதிரே கோயில், பக்கத்தில் திடல். மரம் சீவி, பால் எடை போட்டு, மத்தியானம் தூங்கி எழுந்தால் பையனுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரு டீம், அண்டைத் தோட்டத்தோடு பகை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், சனம் டவுனுக்கு வந்து மலிவு விலை அடுக்குமாடியில் ஏறியது. அங்கே கார் நிறுத்தத்தான் இடமிருக்கிறது. கே. ராஜகோபால் பயிற்றுநராக 2010ல் நமக்கு தென்கிழக்காசியக் கிண்ணத்தை வாங்கித் தந்தார். இந்தோனேசியாவை இங்கே 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்று, மொத்தத்தில் 4-2. அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க ஆள் எங்கே இருந்து வரும்? உங்கள் பள்ளித் திடலைச் சனிக்கிழமை பூட்டாமல் வைக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கையெழுத்து மட்டும் உள்ள சீட்டு: அடுத்த ஆட்டத்தில் எத்தனை கோல்?

உன் கையெழுத்து எனக்குத் தெரியும். பந்தயம் கட்டுகிறவனுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கடைசியாக, பன்னிரண்டு வயதுப் பையன், சீட்டில்லாமல் எழுந்து நின்று: தாத்தா, நாங்க ஈப்போ டீம்கிட்ட 7-0ன்னு தோத்துட்டோம். அடுத்த வருஷம் போகலாமா?

முதல் பாதி எத்தனை என்று கேட்டேன். "அஞ்சு." ரெண்டாம் பாதியில்? "ரெண்டுதான் தாத்தா." நீங்கள் நன்றாக ஆடினீர்களா? யோசித்துவிட்டு, "இல்ல, அவங்க பெரிய அண்ணன்களை எல்லாம் வெளிய எடுத்துட்டு சின்னப் பசங்களை விட்டாங்க" என்றான். மண்டபமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

போ என்றேன். உன் பின்வரிசை நாலு பேரும் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரே இடத்துக்கு ஓடாமல் இருந்தால் அஞ்சு ரெண்டாகும். சனிக்கிழமை அஞ்சு மணிக்குத் திடலுக்கு வா, கயிறு கட்டிச் சொல்லித் தருகிறேன். அடுத்த வருடம் தோற்றால் பரவாயில்லை. பெரிய அண்ணன்கள் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வந்து எனக்குச் சொல்.

"வாட்ச் இல்லையே தாத்தா" என்றான். என்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.