மகளின் தாடையை விரிக்க 1,20,000 ரூபாய்: மொத்தமாகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. மேல் தாடை குறுகலாக இருப்பதால், வலது பக்கம் மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே போய் உட்காருகின்றன. தூங்கும்போது வாயைத் திறந்தபடியே தூங்குகிறாள். தாடையை விரிக்கும் எக்ஸ்பேண்டரை இப்போதே போட வேண்டும், நிரந்தரப் பற்கள் எல்லாம் முளைத்த பிறகு, பன்னிரண்டு வயது வாக்கில், கிளிப் போட வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். எக்ஸ்பேண்டருக்கு 35,000, கிளிப்புக்கு 75,000, கடைசியில், கிளிப்பைக் கழற்றிய பின் பற்கள் நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னருக்கு 10,000, ஆக மொத்தம் 1,20,000 ரூபாய். இன்றே முழுதாகக் கட்டினால் 1,08,000. முடியாவிட்டால் வட்டியில்லா இ.எம்.ஐ., மாதம் 10,000 வீதம் 12 மாதம். பிராசஸிங் கட்டணம் 1,999 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் தனி. எங்கள் இருவர் சம்பளம் சேர்த்து கைக்கு 52,000 வருகிறது. வங்கியில் 70,000 எஃப்.டி. இருக்கிறது. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் மாதம் 3,000 கட்டுகிறோம். அதிலிருந்து எடுக்கலாமா? கணவரின் கம்பெனி இன்ஷூரன்ஸில் கிடைக்குமா? "பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தள்ளிப்போட வேண்டாம். அதே நேரம் 1,20,000 ரூபாய்க்கும் கடன் வாங்கவும் வேண்டாம். இன்று உங்களுக்குத் தேவைப்படுவது 35,000 ரூபாய் மட்டும். மீதி 85,000 மூன்று வருடம் கழித்து வரப்போகும் செலவு. இரண்டையும் ஒரே ரசீதில் போட்டுக் காட்டியதால்தான் தொகை மலைக்க வைக்கிறது.

முதலில் உங்கள் மாமியார் சொன்னதைப் பார்ப்போம். பேத்திக்கு இந்த வயதில் எதற்கு வாயில் கம்பி என்ற அக்கறையில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் வயதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. மேல் தாடை ஒரே எலும்பு அல்ல. வலது பாதியும் இடது பாதியும் அண்ணத்தின் நடுவே ஒரு கோட்டில் சந்திக்கின்றன. குழந்தைப் பருவத்தில் அந்தச் சேர்க்கை இறுகியிருக்காது. எக்ஸ்பேண்டரின் நடுவிலுள்ள திருகைச் சாவியால் ஒருமுறை நகர்த்தினால், வழக்கமாக கால் மில்லிமீட்டர் விரியும். 6 மி.மீ. அகலம் வேண்டும் என்றால் 24 திருகல். தினம் ஒன்று என்றால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு, பிரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்பும் வரை சில மாதங்கள் கருவியை அப்படியே விட்டுவைப்பார்கள். இது நேற்று முளைத்த வைத்தியமும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் திருகு வைத்து மேல் தாடையை விரித்ததை 1860-லேயே பதிவு செய்திருக்கிறார்.

பருவ வயது தாண்டத் தாண்ட அந்த நடுக்கோடு பின்னிக்கொண்டு இறுகும். எந்த வயதில் முழுசாக இறுகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பத்தாவது முடிக்கும் வயதில் சாதாரண எக்ஸ்பேண்டர் வேலை செய்யும் என்று நம்பியிருக்க முடியாது. அண்ணத்தில் சின்ன ஸ்க்ரூக்களை இறக்கி அவற்றின் பிடியில் விரிக்க வேண்டி வரலாம். வளர்ந்து முடிந்தவர்களில் பலருக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்துதான் விரிக்க வேண்டியிருக்கும். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து நிபுணர், மருத்துவமனை வாசம், வேலைக்கு லீவு என்று செலவு எங்கேயோ போய் நிற்கும். இன்றைய 35,000 ரூபாய்க்குத் தவணை உண்டு. அவள் வயதுக்குத் தவணை கிடையாது.

சரி, இப்போது அந்த 'வட்டியில்லா' இ.எம்.ஐ.க்கு வருவோம். மொத்தமாகக் கட்டினால் 1,08,000 என்கிறார்கள் அல்லவா, அதுதான் உண்மையான விலை. தவணையில் போனால் அந்த 12,000 தள்ளுபடி போய்விடும். கூடவே பிராசஸிங் கட்டணம் 1,999, அதற்கு 18% ஜி.எஸ்.டி., ஆக 2,359 ரூபாய் முதலிலேயே போகும். 1,08,000 ரூபாய் விலையுள்ள சிகிச்சைக்கு 1,22,359 கட்டுகிறீர்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால், வருடத்துக்குச் சுமார் 24% வட்டி ஆகிறது. வங்கி நகைக் கடன் வட்டியைவிட இது மிக அதிகம். பேரில் மட்டும்தான் வட்டி இல்லை.

"அப்படியானால் எப்படியாவது புரட்டி 1,08,000-ஐ இன்றே கட்டிவிட்டால்?" என்று தோன்றும். அதுவும் வேண்டாம். எக்ஸ்பேண்டரின் 35,000 போக, மூன்று வருடம் கழித்துச் செய்யப்போகும் வேலைக்கு 73,000 ரூபாயை இன்றே கொடுத்து 12,000 தள்ளுபடி வாங்குகிறீர்கள். அதே 73,000 ரூபாய் 6.5% வட்டியில் வங்கியில் மூன்று வருடம் கிடந்தால் 15,000 ரூபாய்க்கு மேல் வட்டி தரும். பணம் காசு போகட்டும், அதைவிட எனக்குக் கவலை வேறு. மூன்று வருடத்தில் உங்கள் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கலாம். அந்த மருத்துவர் கிளினிக்கை மாற்றலாம். தாடை விரிந்த பிறகு பற்கள் தாமாகவே ஓரளவு இடம் பிடித்து, கிளிப் வேலை சுருங்கலாம். முன்பணம் கொடுத்தவருக்கு இதில் எதையும் கேட்டுப் பெறும் வலு இருக்காது.

ஆகவே கிளினிக்கில் இப்படிக் கேளுங்கள்: "எக்ஸ்பேண்டருக்கு மட்டும் இப்போது கட்டுகிறோம். அளவெடுக்கும்போது பாதி, கருவியை ஒட்டும்போது மீதி. கிளிப்பை அப்போது பேசிக்கொள்ளலாம்." பெரும்பாலான மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் சிகிச்சையே அப்படித்தான் இரண்டு கட்டமாக நடக்கிறது. 35,000-க்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே, மறுபரிசோதனைகள், கருவியைப் பல்லோடு பிடித்திருக்கும் வளையம் கழன்றால் திரும்ப ஒட்டுவது, கடைசியில் கருவியைக் கழற்றுவது ஆகியவை சேருமா சேராதா? வளையம் கழல்வது சாதாரணமாக நடப்பது. கடலை மிட்டாய், கம்மர்கட், சூயிங்கம் மூன்றையும் அத்தனை மாதமும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஒவ்வொரு தடவை கழலும்போதும் ஒரு நாள் லீவும் ஒரு பில்லும் வரும்.

இன்னொன்று. திருக ஆரம்பித்த சில நாட்களில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பெரிய சந்து விழும். பார்த்ததும் பதறாதீர்கள். நடுக்கோடு பிரிந்துவிட்டது, கருவி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாகவே நெருங்கிவரும். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு, அந்தச் சந்தை உடனே மூடத் தனியாக ஒரு செலவு செய்யாதீர்கள். திருகும் சாவியில் ஒரு நூலைக் கட்டி உங்கள் விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். கை தவறி அது தொண்டைக்குள் போகாமல் இருக்கும்.

இப்போது 35,000 எங்கிருந்து வரும் என்பது. எஃப்.டி.யிலிருந்து எடுங்கள். முன்கூட்டி உடைத்தால் வங்கிகள் பொதுவாக வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறைக்கும். 35,000 ரூபாய்க்கு வருடத்துக்கு 350 ரூபாய் அளவு. 24 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. 70,000-மும் ஒரே ரசீதாக இருந்தால், உடைத்துவிட்டு மீதியை உடனே மறுபடி டெபாசிட் போடுங்கள். இந்த முறை 10,000, 15,000 என்று சின்னச் சின்ன ரசீதுகளாகப் போடுங்கள், அவசரத்துக்கு எடுக்க வசதி.

கையிருப்பு பாதியாகிறதே என்ற பயம் நியாயமானது. அதனால் மாதம் 10,000 தவணை கட்ட மனதளவில் தயாராக இருந்த நீங்கள், அதில் பாதியை எடுத்து வையுங்கள். மாதம் 5,000 வீதம் ஏழு மாதத்தில் எஃப்.டி. பழைய நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு மாதம் 3,000 வங்கி ஆர்.டி.யில் 30 மாதம் போட்டால், 6.5% வட்டியில் ஏறக்குறைய 97,500 சேரும். அப்போது மகளுக்குப் பன்னிரண்டு தாண்டியிருக்கும். கிளிப்புக்கும் ரிடெய்னருக்கும் இன்றைய விலை 85,000. கட்டணம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் சமாளிக்கலாம். இதற்கு அஞ்சலக ஆர்.டி. வேண்டாம். அது ஐந்து வருடத் திட்டம். மூன்று வருடத்துக்கு முன் முடிக்கவே முடியாது, அதன் பிறகு முடித்தாலும் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள்.

செல்வமகள் கணக்கைத் தொடாதீர்கள், தொடவும் முடியாது. மகளுக்கு 18 வயது ஆன பிறகோ பத்தாவது தேறிய பிறகோ, மேற்படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். உயிருக்கு ஆபத்தான நோய் என்றால் கணக்கையே முன்கூட்டி முடிக்க விதி உண்டு. தாடை விரிப்பு அதில் வராது. எஃப்.டி.யை நிரப்பும் ஏழு மாதம் ரொம்ப இறுக்கமாக இருந்தால், செல்வமகளுக்குக் கட்டுவதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து 8.2% வட்டி தந்துவரும் திட்டம் அது, வட்டிக்கு வரியும் இல்லை. முடிந்தவரை குறைக்க வேண்டாம் என்பேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி. பல் சிகிச்சை என்றால், விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பெரும்பாலான பாலிசிகள் பணம் தரும். எக்ஸ்பேண்டருக்கும் கிளிப்புக்கும் கிடைக்காது. வருமான வரியிலும் இந்தச் செலவுக்குக் கழிவு கிடையாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: வாயைத் திறந்தபடி தூங்குகிறாள் என்கிறீர்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தாலும் குழந்தைகள் அப்படித் தூங்குவார்கள். வருடக்கணக்கில் வாய் வழியாகவே மூச்சு விடுவது மேல் தாடை குறுகுவதோடு சேர்ந்து வருவதுண்டு. எக்ஸ்பேண்டர் போடும் முன் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒருவேளை அடினாய்டை அகற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், அது மருத்துவமனையில் செய்யும் அறுவை சிகிச்சை. அதற்கு மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும். தனியாக எடுத்த பாலிசிகளில் பெரும்பாலும் இதற்கு இரண்டு வருடக் காத்திருப்பு இருக்கும். கம்பெனி பாலிசிகளில் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு இருப்பதில்லை. கணவரை ஹெச்.ஆரில் கேட்கச் சொல்லுங்கள். பாலிசியில் மகள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடட்டும்.

பணம் கட்டும் முன் இரண்டாவது கருத்து ஒன்று கேளுங்கள். பல் வரிசையையும் தாடையையும் சீராக்கும் துறையான ஆர்த்தோடான்டிக்ஸில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்பை முடித்தவராக இருக்கட்டும். உங்களுக்கு இதற்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அங்கே பேராசிரியர்களின் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் பார்ப்பார்கள், கட்டணம் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும், நடுவில் ஒரு மாணவர் படிப்பை முடித்துப் போய் இன்னொருவர் கைக்கு மாறவும் கூடும். எக்ஸ்பேண்டர் சில மாத வேலை என்பதால் அதற்கு இது பெரிய தொந்தரவு இல்லை. கிளிப்புக்கு அங்கே போவதென்றால் இதை யோசித்து முடிவெடுங்கள்.

கல்லூரியிலும் இப்போதே செய்ய வேண்டும் என்று சொன்னால், இந்தக் காலாண்டுத் தேர்வு விடுமுறையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். முதல் சில நாள் பேச்சு குழறும், எச்சில் ஊறும், சாப்பிடச் சிரமப்படுவாள். அந்த நாட்களை அவள் வகுப்பில் கழிக்காமல் வீட்டில் கழிக்கட்டும். ரிடெய்னருக்கான 10,000-ஐ மட்டும் கிளிப் பணத்தோடு கலக்காமல் தனியே வையுங்கள். கிளிப்பைக் கழற்றும் நேரத்தில் கை காலியாகி, ரிடெய்னரைத் தள்ளிப்போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே நகர ஆரம்பித்துவிடும்.