அம்மாவோடு நடக்க ஒரு சின்னக் காடு

கேள்வி: 68 வயதான என் தாயாருக்கு இயற்கைக் காடொன்றினுள் நடந்து பார்க்க ஆசை. 40 ஆண்டுகள் கொழுந்து பறித்தவருக்கு இப்போது முழங்கால் வலி. ஹோர்ட்டன் சமவெளி அவருக்குத் தாங்குமா, அல்லது வேறு இடம் உண்டா?
– வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: ஹோர்ட்டன் சமவெளி வேண்டாம். ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துத் திரும்பும் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பாதி வழியில் கால் மறுத்தால் மீதியையும் நடந்தே தீர வேண்டும். நுவரெலியா நகர எல்லைக்குள்ளேயே கல்வேஸ் லேண்ட் என்றொரு காடு இருக்கிறது. 1938இல் சரணாலயமாகவும் 2006இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பளவு வெறும் 29 ஹெக்டேயர்தான். விக்டோரியா பூங்காவோடும் கிரகரி வாவியோடும் திரும்பிவிடுபவர்களே அதிகம் என்பதால், இங்கே பெரும்பாலும் கூட்டம் இருக்காது.

கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள மலைக்காடு என்பதால், சிங்கராஜவில் உள்ளவை போன்ற நெடிய மரங்களை எதிர்பார்க்க வேண்டாம். குளிரிலும் காற்றிலும் குட்டையாகி முறுக்கேறிய கிளைகளில் பாசி கம்பளிபோல் படர்ந்திருக்கும். மூடுபனி அதில் படிந்து துளியாகிச் சொட்டுவதால், மழை பெய்யாத நாளிலும் இலைகளின் மேல் சொட்டுச் சத்தம் கேட்கும். அம்மாவை ஓரிடத்தில் நிற்கவைத்து அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

பறவைகளுக்காகவும் அப்படி நிற்பதே நல்லது. மஞ்சள் காதுச் சின்னான் இலங்கையில் மட்டுமே வாழ்வது. சற்றுப் பொறுத்தால் தானாகவே கண்ணில் படும். இமயமலைப் பக்கத்தில் முட்டையிட்டுவிட்டுக் குளிர்காலத்தை நம் மலைநாட்டில் கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானைக் காண அதிர்ஷ்டமும் வேண்டும். அதன் ஆண் பறவைக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழையும் குறைவு, அந்த விருந்தாளியும் இன்னும் புறப்பட்டிருக்காது. ஏப்ரலில் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு ஊரே திரண்டுவிடும், அப்போது போகாதீர்கள்.

ஈரமான நாளில் அட்டை கட்டாயம் உண்டு. பாசி படிந்த வேரில் ஒரு நூல் துண்டுபோல் எழுந்து நின்று ஆளைத் தேடும். அதற்கு என்ன செய்வதென்று, காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போன தலைமுறைக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. என் கவலை வழுக்கும் வேர்களைப் பற்றித்தான். றப்பர் செருப்பைத் தவிர்த்து அடி பிடிக்கும் சப்பாத்து அணிவியுங்கள், கைத்தடி ஒன்றும் இருக்கட்டும். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே பாதையின் நிலையை அங்குள்ள ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் பெருமழை பெய்திருந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவையுங்கள்.