துறைமுகத்திலிருந்து வந்த குரல்: மாரியோ மெரோலா பற்றிச் சில கேள்விகள்

தென் இத்தாலியின் துறைமுக நகரமான நேப்பிள்ஸின் பாடல்கள் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆளைச் சுற்றித்தான். அதனால் இந்த முறை அவருக்கே இடம்.

மாரியோ மெரோலாவும் பவரோத்தி மாதிரி ஓபரா பாடகர்தானே?

இல்லை. மெரோலா 1934 ஏப்ரல் 6 அன்று நேப்பிள்ஸில் பிறந்தவர். அந்த ஊர்த் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்துவிட்டுத்தான் பாட்டுக்கு வந்தார். அவருடையது பாடம் படித்துப் பதப்படுத்திய குரல் இல்லை. கப்பல் தளத்தில் நின்றுகொண்டு கரையில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரல். சில இடங்களில் பாடுகிறாரா, பேசுகிறாரா, அழுகிறாரா என்றே பிரிக்க முடியாது. ஓபரா ரசிகர்களுக்கு அது குறையாகப் படலாம். எனக்கு அதுதான் அவருடைய வித்தை.

அவரை 'ஷெனெஜ்ஜாத்தாவின் ராஜா' என்கிறார்கள். ஷெனெஜ்ஜாத்தா என்றால் என்ன?

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி ஒரு முழு நாடகம் கட்டுவது. பாட்டு முதலில், கதை அப்புறம். நாடகத்தின் பெயரும் பெரும்பாலும் பாட்டின் பெயர்தான்.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இது உருவானது. பாட்டும் ஆட்டமும் கலந்த கதம்ப நிகழ்ச்சிகள் மீது அப்போது அரசு கடுமையான வரி போட்டது. பாட்டுகளுக்கு நடுவே வசனத்தைச் செருகி, 'இது நாடகம்' என்று காட்டிவிட்டால் வரியிலிருந்து தப்பலாம். அப்படித்தான் இது பிறந்தது என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்வது வழக்கம். அங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் வழியாக நியூயார்க்கின் லிட்டில் இத்தாலி வரைக்கும் போனது.

கதையில் மூன்று பேர் கட்டாயம். 'இஸ்ஸோ' என்றால் அவன், 'எஸ்ஸா' என்றால் அவள். 'ஓ மலமெந்தெ' என்பவன் கெட்டவன். அம்மா, குழந்தை, சிரிக்க வைக்க ஒரு ஜோடி எல்லாம் கூடவே உண்டு. துரோகம், மானம், கத்திச் சண்டை, கடைசியில் எல்லாரும் காத்திருந்த அந்தப் பாட்டு. கெட்டவன் வேடம் போட்டவரை நோக்கிச் செருப்பு பறந்த கதைகளை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இடையில் இந்தக் கலை ஏறக்குறையப் படுத்துவிட்டது. பாசிச ஆட்சிக்கு, ஏழ்மையையும் குற்றத்தையும் மேடையேற்றும் இந்தச் சமாசாரம் பிடிக்கவில்லை. பிறகு தொலைக்காட்சியும் வந்தது. 1970களில் இதை மறுபடி அரங்கு நிறையும் காட்சியாக மாற்றியதில் பெரும்பங்கு மெரோலாவுக்கு.

'கோட்டுப் பாட்டு' என்று ஒரு வகை இருக்கிறதாமே?

இருக்கிறது. 'கான்சோனே ஏ ஜாக்கா' என்பார்கள். (நம் ஊர் ஜாக்கெட் இல்லை, ஆண்கள் போடும் கோட்டு.) காதல் பாட்டு பாடுபவர் பளபளப்பான மேடை உடுப்பில் வருவார். குற்றமும் பழிவாங்கலும் உள்ள பாட்டுக்குத் தெருவில் நடக்கிற ஆள் மாதிரி சாதாரணக் கோட்டு, கழுத்தில் ஒரு துணி. மெரோலாவின் களம் இது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், 'ட்ஸப்பத்தோரே'. லிபெரோ போவியோ எழுதி, ஃபெர்டினாண்டோ அல்பானோ இசையமைத்த 1929ஆம் ஆண்டுப் பாட்டு. பெயருக்கு மண்வெட்டி பிடிப்பவன் என்று பொருள்.

மகனை வக்கீலாக்க மண்ணைக் கொத்திக் கொத்திக் காசு சேர்த்த குடியானவர். மகன் நகரத்துப் பெரிய மனிதர்களோடு விருந்தில் ஆடிக்கொண்டிருக்கிறான். அப்பன் ஆத்தாள் நினைவே இல்லை. அழைப்பில்லாமல் உள்ளே நுழைகிறார் அப்பா. கழுத்துப்பட்டை கட்டிய அத்தனை பேருக்கும் முதலில் மரியாதையாக ஒரு மாலை வணக்கம் வைக்கிறார். அந்த வணக்கத்திலேயே ஒரு குத்தல் இருக்கிறது. அப்புறம்தான் விஷயம்: ஊரில் அம்மா சாகக் கிடக்கிறாள். கடைசியில் மகனை மண்டியிட்டு இந்தக் கைகளை முத்தமிடச் சொல்கிறார்.

1980இல் அல்ஃபோன்ஸோ பிரேஷா இயக்கிய படத்தில் அப்பா மெரோலாதான். படம் என்று பார்த்தால் சுமார். அவசரமாக எடுத்தது கண்ணுக்குத் தெரியும். ஆனால் மெரோலா அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று பாடத் தொடங்கும்போது அதெல்லாம் மறந்துபோகும். சுமை தூக்கிய கையை வைத்துக்கொண்டு ஒருவர் 'இந்தக் கையை முத்தமிடு' என்கிறார். அதற்கு நடிப்பு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்?

இத்தாலி மொழி ஓரளவு கற்றிருக்கிறேன். ஆனால் இவர் பாட்டு புரியவில்லையே?

புரியாது, கவலைப்படாதீர்கள். வட இத்தாலியில் பிறந்தவர்களே திணறுவார்கள். இது நாப்புலித்தானோ. லத்தீனிலிருந்து தன் வழியில் வளர்ந்த மொழி. 'குவோரே' (இதயம்) இங்கே 'கோரே'. 'இல்', 'லா' என்ற சுட்டுகள் (ஆங்கில 'the' மாதிரி) வெறும் 'ஓ', 'ஆ' என்று தேய்ந்துவிடும்.

பெரிய தடை சொல்லின் கடைசி உயிர். எழுத்தில் இருக்கும், வாயில் பாதிதான் வரும். 'காடு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசி உகரத்தை எப்படிக் குறுக்குகிறோம்? ஏறக்குறைய அப்படி. குற்றியலுகரம் பழகிய காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்பது என் அனுபவம்.

'ஓ சோலே மியோ' இத்தாலிப் பாட்டா, நேப்பிள்ஸ் பாட்டா?

நேப்பிள்ஸ் மொழிப் பாட்டு, 1898. எழுதியவர் ஜொவான்னி கப்புர்ரோ, இசை எதுவார்தோ தி கப்புவா. முதல் 'ஓ' வியப்புக் குறி இல்லை, மேலே சொன்ன சுட்டு.

மெரோலாவின் படங்கள் ரவுடிகளைப் புகழ்கின்றன என்கிறார்களே?

குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் அதிகம் நடித்தது 'குவாப்போ' வேடத்தில். பேட்டையின் பெரியவர், சட்டத்துக்குக் கட்டுப்படாதவர், ஆனால் வாக்கு தவறாதவர். 1979இல் வந்த, நேப்பிள்ஸின் சாந்தா லுச்சியா பகுதிக் கடத்தல்காரர்கள் பற்றிய படத்தில் சிகரெட் கடத்தும் தலைவராக வருவார். ஹெராயின் என்று வந்தால் அதை எதிர்த்து நிற்பார். கடத்தலுக்கும் தர்மம் உண்டு என்று நம்ப ஆசைப்பட்ட ஒரு நகரத்தின் கற்பனை அது. நிஜத்தில் கமோர்ரா (நேப்பிள்ஸின் மாஃபியா) கும்பல்கள் அப்படி இருக்கவில்லை. படங்களைப் பாருங்கள், வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவில் பாடியிருக்கிறாரா?

1994இல், 'ஸ்குவாத்ரா இத்தாலியா' என்ற மூத்த பாடகர் குழுவில் ஒருவராக. அவருடைய பெருமைக்கும் அந்த மேடைக்கும் அதிக சம்பந்தமில்லை.

அவருக்குப் பிறகு யார்?

நீனோ தாஞ்ஜெலோ இளைஞராக அவரோடு படங்களில் நடித்து, 80களில் தனி நட்சத்திரமானார். ஜீஜி தலேஸ்ஸியோ மெரோலாவுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து பாடிய 'சியெந்தான்னே'தான் தலேஸ்ஸியோவை வெளியே கொண்டுவந்தது. மெரோலாவின் மகன் ஃபிரான்செஸ்கோவும் பாடகர்.

மெரோலா எப்போது இறந்தார்?

2006 நவம்பர் 12, பக்கத்து ஊரான கஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியாவில். இறுதிப் பூசை நேப்பிள்ஸின் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தில் நடந்தது. பல்லாயிரம் பேர் திரண்டார்கள். தேவாலயத்துக்கு எதிரே கடலோரச் சாலை. அதைத் தாண்டினால், அவர் மூட்டை தூக்கிய துறைமுகம்.