டெபியனில் ஒரு லைப்ரரி மாறினால் நூற்றுக்கணக்கான பொதிகளை ஏன் மறுபடி கம்பைல் செய்கிறார்கள்?

கேட்டவர் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் அன்ஸ்டேபிள் கிளையை, அதாவது புதிய பொதிகள் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள்) தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் கிளையை வைத்திருக்கிறார். புதுப்பிக்கப் போனால் பாதி டெஸ்க்டாப்பை நீக்கட்டுமா என்கிறதாம். மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறாத பொதிகளுக்குப் பதிப்பு எண்ணின் வாலில் ‘+பி1’ ஒட்டியிருக்கிறதாம்.

ஒரு நிரலைக் கம்பைல் செய்யும்போது, அது நம்பியிருக்கும் லைப்ரரியின், அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பின் பெயர் இலக்கத்தோடு அதற்குள் பதிந்துவிடும். லைப்ரரி தன் ஏபிஐயை (ABI, கம்பைல் ஆன நிரல் லைப்ரரியோடு பேசும் இடைமுகம்) மாற்றி 1இலிருந்து 2 ஆனால், பழைய நிரல் 1ஐத்தான் தேடும். பெரும்பாலும் அதே மூலநிரலைப் புது லைப்ரரியோடு மறுபடி கட்டினால் போதும். அப்படிக் கட்டியதன் அடையாளம்தான் ‘+பி1’.

ஓகேமல், ஹாஸ்கெல் மொழிகளில் பாடு அதிகம். ஒவ்வொரு லைப்ரரியின் இடைமுகத்துக்கும் ஒரு கைரேகை உண்டு. கம்பைலர் மாறினால் அத்தனை கைரேகைகளும் மாறும். அடியில் உள்ளதைக் கட்டி முடித்த பிறகே அதன் மேலுள்ளதைத் தொட முடியும். நடுவில் ஒன்று கட்ட மறுத்தால் அதற்கு மேலே உள்ள எல்லாம் காத்துக் கிடக்கும். அதனால்தான் புதியதை முதலில் எக்ஸ்பெரிமென்டல் என்ற சோதனைக் கிளையில் போட்டு, சார்ந்தவற்றைக் கட்டிப் பார்த்து, உடைந்தவற்றுக்கு வழு பதிந்து, வெளியீட்டுக் குழுவிடம் முறை கேட்கிறார்கள். இரண்டு மாற்றங்கள் ஒன்றோடொன்று சிக்கினால் அவிழ்ப்பது பெரும்பாடு.

நான் திருகோணமலைக்காரன். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் ‘பாதை’யில், அதாவது மிதவையில்தான் போவோம். அன்ஸ்டேபிளிலிருந்து டெஸ்டிங்குக்கு, அதாவது அடுத்த வெளியீடாகப்போகும் கிளைக்குப் போகும் பயணமும் அப்படித்தான். புது லைப்ரரியும் அதைச் சார்ந்தவையும் ஒரே தடவையில் ஏற வேண்டும். ஒன்று கரையில் நின்றாலும் பெரும்பாலும் மிதவை நகராது. இதைத் தாமதம் என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டெஸ்டிங் உடையாமல் இருப்பதே இந்தக் காத்திருப்பால்தான்.

2024 மார்ச்சில் நானே அனுபவித்தேன். 2038ஆம் ஆண்டில் 32 பிட் நேர எண் நிரம்பிவிடும் என்பதால், ஆர்ம்எச்எஃப் போன்ற 32 பிட் கணினிக் கட்டமைப்புகளில் அதை 64 பிட்டாக்கினார்கள். ஏபிஐ மாறியது, லைப்ரரிப் பொதிகளின் பெயர்களில் ‘டி64’ சேர்ந்தது. பெயர் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் பொது என்பதால், உள்ளே ஏதும் மாறாத என் 64 பிட் மடிக்கணினியிலும் புயல் அடித்தது. உப்புவெளியில் ஓர் இரவு, நீக்கும் பட்டியலை வாசிக்காமல் ‘ஒய்’ அழுத்திவிட்டேன். மறுபடி இயக்கினால் கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும் ஒற்றை வரி மட்டும். மறுநாள் கொடுக்க வேண்டிய வேலை அதற்குள் மாட்டிக்கொண்டது.

ஆகவே இப்போதைக்கு, தேவைப்பட்டால் பொதிகளை நீக்கியும் புதுப்பிக்கும் ‘ஃபுல்-அப்கிரேட்’ வேண்டாம். வெறும் ‘ஆப்ட் அப்கிரேட்’ கொடுங்கள். அது எதையும் நீக்காது. டெபியனின் மாற்றக் கண்காணிப்புப் பக்கத்தில் உங்கள் லைப்ரரியைத் தேடுங்கள். பொதிகள் அடுக்கடுக்காக இருக்கும். சிவப்பில் இருப்பவை இன்னும் கட்டப்படாதவை. முதல் அடுக்கிலுள்ள சிவப்புத்தான் பெரும்பாலும் அடுத்த அடுக்குகளில் உள்ளவற்றைப் பிடித்து வைத்திருக்கும். சி நிரல்மொழி தெரிந்தால் அதன் வழு அறிக்கையைத் திறந்து பாருங்கள். நான் அனுப்பிய முதல் திருத்தம் அப்படி ஒரு பொதிக்குத்தான்: விடுபட்ட ஒரு ஹெடர் கோப்பு, ஒரே வரி.