ஃபோம் ஒட்டினால் போதுமா?

கேள்வி: 10க்கு 10 அறையில் குரல் பதிவு செய்கிறேன். டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஒரே எதிரொலி. சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினால் தெருச் சத்தமும் நிற்குமா?

பதில்: நிற்காது. ஃபோம் அறைக்குள் எழும் ஒலியைத்தான் உறிஞ்சும். வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். சுவர் முழுக்க 1 அங்குல ஃபோம் ஒட்டிவிடாதீர்கள், அது மேல் ஸ்தாயியை மட்டும் விழுங்கும், 100 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளமே சுமார் 3.4 மீட்டர், மெல்லிய ஃபோமுக்கு அது பிடிபடாது என்பதால் அடிநாதம் அப்படியே தங்கி, குரல் பானைக்குள் பேசுவது போல அமுங்கிவிடும். 2 அங்குல ஃபோமை உங்கள் முதுகுக்குப் பின்சுவரில் ஒட்டுங்கள், மைக் அந்தப் பக்கம்தானே பார்க்கிறது! அப்புறம் தரையில் ஜமுக்காளம், மூலையில் பஞ்சு மெத்தை. ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், கம்பி அதிர்வது போன்ற இழுப்பு குறைந்திருக்கும். சாதாரண ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும், பிளக் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.