தண்ணீர்க் குழாயும் விந்துக்குழாயும்

கேள்வி: என் மகள் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள், புராஜெக்ட் விந்தணு பற்றியது. இப்போது ஒரு பயோமெட்டீரியல் (உடம்புக்குள் வைக்கும் பொருள்கள்) ஆய்வகத்தில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. பிளாஸ்டிக், உலோகம் இவற்றின் மேற்பரப்பை ஆராய்வார்களாம். படித்தது ஒன்று, போவது ஒன்றா என்று வீட்டில் சண்டை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. பாலிமர் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவன், அந்தப் பக்கம்தான் பேசுவேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

சுஜாய் குஹாவைப் பற்றி வீட்டில் சொல்லுங்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்தவர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதுவும் போதாதென்று எம்.பி.பி.எஸ். வேறு. உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் எத்தனை சண்டை நடந்திருக்கும்!

1970களில் அவர் யோசித்தது குடிநீரைப் பற்றி. குழாயின் உள்சுவரில் ஒரு பாலிமரைப் பூசினால், ஓடும் தண்ணீரில் உள்ள பாக்டீரியா சாகுமா? அவர் எடுத்துக்கொண்டது ஸ்டைரீன் மெலியிக் அன்ஹைட்ரைடு. இதில் ஸ்டைரீன் நம் தெர்மகோல் குடும்பம். தண்ணீரைக் கண்டால் அசையாது. அன்ஹைட்ரைடு அப்படியல்ல. ஈரம் பட்டதும் வளையம் திறந்து அமிலமாகும். மேற்பரப்பில் மின்னூட்டம் வந்துவிடும். அதில் உரசிப் போகும் நுண்ணுயிரியின் சவ்வு தாங்காது.

அந்தக் காலத்தில் டெல்லிக்குப் பெரிய கவலை மக்கள்தொகை. குஹாவும் அந்தப் பக்கம் திரும்பினார். தண்ணீர்க் குழாயில் நடப்பது விந்துக்குழாயில் நடக்காதா? அதே பாலிமரை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கலந்து ஊசியால் செலுத்தினார். குழாயை அடைத்து மூடுவதல்ல, சுவரில் படியவைப்பதுதான் நோக்கம். கடந்து போகும் விந்தணுவின் சவ்வு கிழிகிறது. தலையில் உள்ள அக்ரோசோம் என்ற பை உடைந்து நொதிகள் வெளியே கொட்டிவிடுகின்றன. பிறகு அது முட்டையைத் துளைக்க முடியாது. ‘ரிசக்’ என்ற அந்த முறை இப்படிப் பிறந்தது.

அக்ரோசோம் என்றால் என்ன என்று உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து, அது முத்தாக நிற்கிறதா, பரவிப் படுக்கிறதா என்று கோணம் அளப்பதை ஆய்வகத்தில் கற்றுத்தருவார்கள். ஒரு பொருள் உடம்புக்குள் போனதும் சில நொடிகளில் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். செல் சந்திப்பது அந்தப் புரதப் படலத்தைத்தான். அங்கேதான் உயிரியல் படித்தவர் தேவை. சேருமுன் உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்களுக்கான அந்த ஊசி எங்கே போடுகிறார்கள்? பிறகு குழந்தை வேண்டுமென்றால் எடுத்துவிடலாமாமே?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இன்னும் விற்பனைக்கு வரவில்லை. 2002-ல் சிறுநீரில் ஆல்புமின், விரைப்பை வீக்கம் என்று புகார்கள் வந்து சோதனைகள் நின்றன, பிறகு தொடர்ந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2023-ல் வெளியானது: 303 ஆண்கள், கருத்தடைப் பலன் 99.02 சதவீதம், கடுமையான பக்கவிளைவு இல்லை. மாற்றிக்கொள்ளலாம் என்பது எலி, முயல், லங்கூர் குரங்கு வரைதான் காட்டப்பட்டிருக்கிறது. ‘ரிசக்’கில் வரும் ‘ரி’ என்பது ‘ரிவர்சிபிள்’, அதாவது மாற்றிக்கொள்ளக்கூடியது. மனிதரில் நிரூபிக்காத ஒன்றை முறையின் பெயரிலேயே சேர்த்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: காப்பர் டி 380 என்கிறார்களே, 380 என்பது எடையா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: பரப்பளவு. 380 சதுர மில்லிமீட்டர் செம்பு. தண்டில் கம்பியாகவும் இரண்டு கைகளிலும் குட்டி உறைகளாகவும் சுற்றியிருக்கும். செம்பு கரு தங்குவதைத் தடுப்பதை முயலின் கருப்பையில் கண்டவர் சிலி நாட்டு ஹைமே சிப்பர். ‘டி’ வடிவம் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் டாட்டமுடையது. மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு அயனி கரைவதுதான் வேலை செய்கிறது. அதனால்தான் எடையைச் சொல்லாமல் பரப்பைச் சொல்கிறார்கள். 380ஏ வகை பத்து வருடம் தாங்கும், 375 வகை ஐந்து வருடம். உங்களுக்குப் போட்டது எது என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.