பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்: சிஎம்இ கோர்ஸில் ஆசிரியர் குறிப்பை எப்படிப் படிப்பது?

கேள்வி: மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து மூன்று வருடம் ஆகிறது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்), மாதவிடாய் நின்ற பிறகான சிகிச்சை, லேப்ராஸ்கோபி (சிறுதுளை வழி அறுவை) மூன்றும் சேர்ந்த ஒரு இணையவழி சிஎம்இ (மருத்துவர்களுக்கான தொடர் கல்வி) கோர்ஸில் சேரலாமா என்று யோசிக்கிறேன். கட்டணம் அதிகம். ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வரி நீளத்துக்குப் பட்டங்கள், எல்லாருமே ‘சர்வதேசப் புகழ்பெற்றவர்கள்’. இவர்களில் யாரிடம் உண்மையில் கற்றுக்கொள்ள முடியும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோர்ஸில் பாடம் எடுக்க அழைத்தார்கள். என்னைப் பற்றி நான் எழுதி அனுப்பிய குறிப்பில், ‘பெரிய லேப்ராஸ்கோபி அறுவைகளை இப்போது செய்வதில்லை’ என்று ஒரு வரி இருந்தது. வெளியானபோது அந்த வரியைக் காணோம். விருதுகள் மட்டும் பத்திரமாக இருந்தன. எனக்குத் தந்த தலைப்பு என்ன தெரியுமா? லேப்ராஸ்கோபியில் கருப்பை அகற்றுவது! வேறு தலைப்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே அந்தக் குறிப்பில் பொய் இருக்கிறதா என்று தேடிப் பயனில்லை. பெரும்பாலும் எல்லாமே உண்மைதான். அவர் எடுக்கப்போகும் பாடத்தோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

முதலில் எழுத்துகள். எம்ஆர்சிஓஜி என்பது பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவ ராயல் கல்லூரி நடத்தும் மூன்று பகுதித் தேர்வு. எஃப்ஆர்சிஓஜிக்குத் தனித் தேர்வு கிடையாது, அது மூத்த உறுப்பினர்களுக்குத் தரும் உயர்வு. எஃப்ஏசிஓஜி என்றால் இதே துறைக்கான அமெரிக்கக் கல்லூரியின் ஃபெல்லோ. அதற்கு போர்டு சான்று (துறை நிபுணர் என்ற சான்று) வேண்டும், ஆனால் அந்தச் சான்றைத் தருவது கல்லூரி அல்ல, ஏபிஓஜி என்ற தனி வாரியம். சான்று நடப்பில் இருக்கிறதா என்பதை வாரியத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். இதெல்லாம் ஒருவர் முறையாகப் பயின்ற மகளிர் நோய் மருத்துவர் என்று சொல்லும். குடலோடு ஒட்டிக்கிடக்கும் எண்டோமெட்ரியோசிஸைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவரா என்று சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டிய சொல் ‘ஃபெல்லோஷிப்’. வம்பே அங்கேதான். ஒருவருக்கு அது புற்றுநோய் அறுவையில் மூன்று வருட முழுநேரப் பயிற்சி, இன்னொருவருக்குச் சில வாரங்கள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாங்கிய சான்றிதழ். மேலே சொன்ன எஃப்ஆர்சிஓஜி, எஃப்ஏசிஓஜி தகுதிகளுக்கும் அதே சொல்தான். எத்தனை மாதம், எந்தத் துறையில், கையில் கத்தி பிடித்தாரா, வெறுமனே பார்த்தாரா? குறிப்பில் காலமும் இடமும் இல்லையென்றால் அந்த வரியை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ‘இருபத்தைந்து ஆண்டு அனுபவம்’. அனுபவம் எவ்வளவு என்பதைவிட அது எதுவரை வந்திருக்கிறது என்பது முக்கியம். ஆரம்பநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோபியிலோ ரோபோவிலோ ரேடிக்கல் ஹிஸ்டரெக்டமி (கருப்பையைச் சுற்றியுள்ள திசுக்களோடு அகற்றுவது) செய்வது திறந்த அறுவைக்கு இணையானது என்று பலரும் நம்பியிருந்தோம். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான எல்ஏசிசி ஆய்வில், சிறுதுளை வழியாக அறுவை செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் அதிகம் என்று தெரிந்தது. கை தேர்ந்த அறுவை மருத்துவர்கள் பலர் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தலைப்பை எடுப்பவர் இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டாலே அவர் அனுபவம் எந்த வருடத்தோடு நின்றது என்று தெரிந்துவிடும்.

மாதவிடாய் நின்ற பிறகான ஹார்மோன் சிகிச்சைக்கும் இப்படி ஒரு உரைகல் உண்டு. இந்தச் சிகிச்சையைச் சோதித்த டபிள்யூஹெச்ஐ என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதி, நன்மையைவிட ஆபத்து அதிகம் என்று 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டதும் உலகம் முழுக்க மருந்துச்சீட்டுகள் சட்டென்று குறைந்தன. பின்னால் வந்த அலசல்கள், பெண்ணின் வயதையும் மாதவிடாய் நின்று எத்தனை வருடம் ஆனது என்பதையும் பிரித்துப் பார்க்கச் சொல்லின. இன்னமும் ‘ஹார்மோனா, வேண்டவே வேண்டாம்’ என்பவரும், ‘எல்லாருக்கும் கொடுக்கலாம்’ என்பவரும் அந்தப் பிரிப்பைப் படிக்காதவர்கள்.

‘நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள்’ என்றால் பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) பெயரோடு பாடத் தலைப்பையும் சேர்த்துத் தேடுங்கள், ஐந்து நிமிட வேலை. குழந்தையின்மை பற்றி நூறு கட்டுரை எழுதியவர் கருப்பை இறக்கம் பற்றிப் பாடமெடுத்தால், அந்த வகுப்பைப் பொறுத்தவரை அவர் கணக்கு பூஜ்யம். ஒரே பெயரில் பலர் இருப்பதால் ஓர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) இருந்தால் அதை வைத்துத் தேடுவது நல்லது.

அப்புறம் பணம். இதைப் பேசினால் சங்கடப்படுகிறோம். அமெரிக்காவில் சிஎம்இ நடத்துபவர்களுக்கு அங்கீகாரம் தரும் ஏசிசிஎம்இயின் விதிப்படி, பாடமெடுப்பவர் கடந்த 24 மாதங்களில் மருந்து, கருவி நிறுவனங்களோடு வைத்திருந்த பண உறவுகளைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டு மருத்துவர் என்றால் ‘ஓப்பன் பேமென்ட்ஸ்’ என்ற அரசுத் தளத்திலும் தேடிப் பார்க்கலாம். நிறுவனத்திடம் பணம் வாங்கியவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. புதுக் கருவியை முதலில் கையாண்டவரே அதை நன்றாகச் சொல்லித்தரவும் கூடும். ஆனால் கருப்பை இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் மெஷ்ஷை (தாங்கிப் பிடிக்கும் வலை) நினைத்துப் பாருங்கள். பல வருடம் சந்தையில் இருந்த அதை, 2019இல் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விற்கக் கூடாது என்று நிறுத்தியது. அப்படி ஒரு கருவியைப் பற்றிப் பேசுபவர் அதைத் தயாரிப்பவரிடம் சம்பளம் வாங்குகிறாரா என்பது மாணவருக்குத் தெரியத்தான் வேண்டும். பண உறவைச் சொல்லி அரை நொடி மின்னி மறையும் ஸ்லைடை நான் அறிவிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பட்டியலில் எல்லாருமே மகளிர் நோய் மருத்துவர்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஆழமான எண்டோமெட்ரியோசிஸுக்குக் குடல் அறுவை மருத்துவரும் யூரோலஜிஸ்ட்டும் (சிறுநீரகப் பாதை நிபுணர்) ஸ்கேன் நிபுணரும் வேண்டும். இடுப்புத் தள தசைகளைப் பற்றி என்னைவிட ஒரு பிசியோதெரபிஸ்ட் நன்றாகச் சொல்லித்தருவார்.

கடைசியாக, குறிப்பில் எழுத முடியாத விஷயம். நன்றாக அறுவை செய்பவர் எல்லாம் நன்றாகச் சொல்லித்தருவதில்லை. மாதிரி வீடியோ கேட்டு வாங்கிப் பாருங்கள். கருப்பைத் தமனி யூரிட்டருக்கு (சிறுநீர்க் குழாய்) மேலே குறுக்காகப் போகும் இடம் இருக்கிறதே, கருப்பைவாயிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. பக்கவாட்டில், அந்த இடத்தில் அவர் என்ன செய்கிறார்? இசையை ஓடவிட்டு வேகமாகத் தாண்டுகிறாரா? வீடியோவை நிறுத்தி, ‘இதோ யூரிட்டர், இங்கேதான் ஒருமுறை தவறவிட்டேன்’ என்கிறாரா? இரண்டாமவருக்குப் பட்டம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

சரி, உங்கள் பன்னிரண்டு பேர். எல்லாரையும் ஆராய வேண்டாம். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் வகுப்புகளை எடுப்பவர்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். அவர்களைப் பற்றி மட்டும் நடத்துபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: பாடமெடுக்கும் அறுவையை அல்லது சிகிச்சையை இப்போதும் செய்கிறார்களா, பண உறவு அறிவிப்பு எங்கே இருக்கிறது? ‘எங்கள் ஆசிரியர்கள் உலகத் தரம்’ என்று பதில் வந்தால் அது பதில் இல்லை, இன்னொரு முறை கேளுங்கள். கட்டணத்தை அதுவரை கட்ட வேண்டாம்.